எம்.எல்.ஏ. ஆபீஸில் தொழில்நுட்ப வகுப்பா? முதலில் பாமினி எழுத்துருவைப் பாருங்கள்

வடசென்னையில் ஒரு எம்.எல்.ஏ. அலுவலகம், இரண்டு கவுன்சிலர் அலுவலகங்கள். அங்கிருக்கும் ஊழியர்களுக்குத் தொழில்நுட்பம் சொல்லித்தரும் வகுப்பை ஒருவழியாக முடித்துவிட்டோம். அடுத்து இறங்கப்போகிறவர்களுக்கு எங்கள் அலைச்சல் வேண்டாம்.

சட்டமன்றம் நடக்கும் நாள், மாமன்றக் கூட்டம், திங்கள்கிழமை மனுநாள், முகூர்த்த நாள்: நாலையும் காலண்டரில் அடித்துவிட்டு அப்புறம் தேதி கேளுங்கள். முகூர்த்தத்தை நாங்கள் கவனிக்கவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்ந்தால், உறுப்பினரும் பி.ஏ.வும் கல்யாண மண்டபத்தில். அடுத்த முறை ஆள் இருந்தார், அனுமதி கேட்ட கடிதம் சரியில்லை. பி.ஏ. பெயருக்கு எழுதியிருந்தோம். "ஐயா கையெழுத்து இல்லாம சிஸ்டத்தத் தொட விடமுடியாதுங்க" என்றார் எழுத்தர். கடிதம் உறுப்பினர் பெயருக்கே இருக்கட்டும். அவர் கையெழுத்திட்ட நகல் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள்.

இணையம் எப்படி இயங்குகிறது என்று படம் போட்டு ஆரம்பித்தோம், பத்து நிமிடத்தில் அறை காலி. அவர்களுடைய மனுவையே திரையில் திறந்த பிறகுதான் நாற்காலிகள் முன்னுக்கு நகர்ந்தன.

மூன்று அலுவலகத்திலும் பழைய மனுக்கள் பாமினி எழுத்துருவில்தான் கிடந்தன. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் அந்தக் கிறுக்கல்தான் தெரியும். தெருப்பெயரைத் தமிழில் தேடினாலும் கிடைக்காது. தமிழைத் தமிழாகவே பதிவுசெய்யும் பொது முறையான யூனிகோடை ஏற்று அரசாணை வந்தது 2010இல். எழுத்துருவின் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், போதாது. எழுத்துருமாற்றி மென்பொருள் வழியாகத்தான் யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது: நடுவில் இருக்கும் ஆங்கிலத்தையும் அது தமிழாக்கிவிடும். சர்வே எண்ணில் வரும் ஆங்கிலப் பெரிய 'ஏ' தமிழ் 'யு' ஆகிவிடும். பட்டா மனுவில் உட்பிரிவு எழுத்து மாறினால் மனு எந்த நிலத்துக்கு என்றே தெரியாது. அதனால் மாற்றிய ஒவ்வொரு மனுவிலும் எண்களை மூலத்தோடு ஒத்துப் பாருங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

எஸ்.எம்.எஸ். கணக்கு அவர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் வந்தால் 70தான். செய்தி நீண்டு பிரிந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். 'தண்டையார்பேட்டை' நம் கண்ணுக்கு 8 எழுத்து, ஃபோனுக்கு 15. மருத்துவ முகாம் அறிவிப்பு ஏன் மூன்று செய்திக் கட்டணம் ஆகிறது என்று அப்போதுதான் விளங்கியது. ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்குப் போய்விடும்.

ஆதார் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மனுதாரரின் அட்டையைப் படமெடுத்து வார்டு வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. வெற்று அட்டை ஒன்றை வரைந்து குழுவில் போடச் சொன்னோம். ஒருவர் அதை வேறு குழுவுக்கு அனுப்பினார். போட்டவர் 'அனைவருக்கும் நீக்கு' அழுத்தினார். முதல் குழுவில் படம் மறைந்தது, இரண்டாவதில் அப்படியே நின்றது. அந்த அறையில் அப்படி ஒரு அமைதி வேறெப்போதும் இல்லை. காகிதத்தில் இருந்ததைப் படமெடுத்த நொடியே அது 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசும் டிஜிட்டல் தரவு என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டோம். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைப் பதிவிறக்கக் கற்றுக்கொடுங்கள்.

ப்ரொஜெக்டரை நம்பாமல் எச்.டி.எம்.ஐ. கேபிள் கொண்டுபோங்கள், டி.வி. எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது.

கடைசி நாளில் பி.ஏ. தானாகவே 'கழிவுநீர்' என்று அடித்துத் தேடினார். பழைய மனுக்கள் தெருப்பெயரோடு வரிசையாக வந்து நின்றன. அடுத்த கூட்டத்தொடருக்குக் கேள்வி எழுத அந்தப் பட்டியலை அச்செடுத்து உறுப்பினர் மேசையில் வைத்தார்.