எலிக்குப் பொறுப்பு வீட்டுக்காரரா, குடியிருப்பவரா?

நான் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டில் எலித் தொல்லை என்று பக்கத்து வீட்டார் புகார் கொடுத்துவிட்டார்கள். உள்ளாட்சி அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவிலிருந்து நோட்டீஸ் வந்தது, என் பெயருக்கு. கெடு தேதிக்குள் எலி அண்டாதபடி இடத்தைச் சரிசெய்ய வேண்டுமாம். இல்லாவிட்டால் அவர்களே ஆள் வைத்துச் செய்துவிட்டுச் செலவை என்னிடம் வசூலிப்பார்கள்.

குடியிருப்பவரைக் கேட்டேன். “குப்பைத் தொட்டியை மூடி வைக்கிறது என் பொறுப்பு சார், ஒத்துக்கறேன். சிங்க் குழாயைச் சுத்தி இருக்கிற ஓட்டையை நான் எப்படி அடைக்கிறது?” என்றார். நியாயம்தான். பெரும்பாலும் அப்படித்தான் பிரிப்பார்கள்: சுவர், கூரை, குழாய், வடிகால் எல்லாம் உரிமையாளர் தலையில், அன்றாடச் சுத்தமும் அடைசல் சேராமல் பார்ப்பதும் குடியிருப்பவர் தலையில். எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆய்வுக்கு வந்தவர் எலியைத் தேடவே இல்லை. கையில் டார்ச்சும் ஒரு பென்சிலும்தான். குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் பென்சிலை விட்டுப் பார்த்தார். “இது நுழைஞ்சா சுண்டெலியும் நுழையும் சார்.” ஆறேழு மில்லிமீட்டர் இடைவெளியே அதற்குப் போதும். பிறகு சுவரின் அடியோரம் டார்ச் அடித்துக் காட்டினார். எண்ணெய்க் கை பட்டதுபோல் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. எலி ஒரே பாதையில் போய் வருவதால் அதன் உடம்பு உரசி உரசிப் படிகிற அழுக்காம். அத்தனை வருஷமாக அதைச் சுவர்க் கறை என்றே நினைத்திருந்தோம்.

வேலையில் வரிசை முக்கியம். முதலில் ஓட்டையை அடைத்தால் உள்ளே மாட்டியது சுவருக்குள்ளேயே செத்து நாறும். அதனால் பொறி முன்னால், பூச்சு பின்னால். எலிக்குப் புதுப் பொருள் என்றாலே சந்தேகம். சில நாள் பொறியின் ஸ்பிரிங்கை இழுத்து மாட்டாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்கினோம். விஷம் வைப்பதானால் பூட்டும் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும் என்று ஆய்வாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் அந்த மருந்து வேலை செய்யவே பல நாள் ஆகும். அதற்குள் விஷம் தின்ற எலியைப் பூனையோ ஆந்தையோ பிடித்தால் அதற்கும் ஆபத்து.

வளையில் கசக்கிய பேப்பரைத் திணித்துவிட்டுக் காலையில் போய்ப் பார்ப்போம். வெளியே தள்ளிக் கிடந்தால் இன்னும் நடமாட்டம் இருக்கிறது என்று அர்த்தம். அது அசையாமல் கிடந்த பிறகே கம்பி நாரைத் திணித்துச் சிமென்ட் பூசினோம். வெறும் சிமென்டை, அதுவும் ஈரம் காயுமுன், எலி எளிதாகக் குடைந்துவிடும். புழுக்கையைப் பெருக்கவில்லை, தூசி பறந்தால் நோய் என்பதால் ப்ளீச் கரைசலில் நனைத்து, கையுறையோடு துடைத்து எடுத்தோம்.

ஒவ்வொரு ஓட்டையையும் அடைப்பதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து ரசீதுகளோடு கொடுத்தேன். மறு ஆய்வு சீக்கிரமே முடிந்தது, நோட்டீஸும் ரத்தானது. தெருவோர வடிகாலின் உடைந்த மூடி மட்டும் பாக்கி. அது பொது இடம், என்னால் தொட முடியாது. அதே சுகாதாரப் பிரிவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வந்திருக்கிறேன்.