கிரிம்ப் அடிக்கும் முன் ஒரு கோடு

எஞ்சின் மாற்றிய வண்டியில் ஏசியும் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பழைய எஞ்சினில் இடப்பக்கம் இருந்த கம்ப்ரஸர் (ஏசி கேஸை அழுத்தித் தள்ளும் பம்ப்), புதியதில் வலப்பக்கம் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. பழைய குழாய் ஒன்றுகூட எட்டவில்லை. சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

மூன்று சைஸ் ஹோஸ் வாங்கினேன். கம்ப்ரஸரிலிருந்து, கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்ஸருக்கு 8ஆம் நம்பர், அங்கிருந்து ஈரத்தை உறிஞ்சும் டிரையர் வழியாக, அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு 6, கம்ப்ரஸருக்குத் திரும்ப 10. திரும்பும் கேஸ் அழுத்தம் குறைந்து விரிந்து வருவதால் அதற்குத்தான் பெருத்த குழாய். எல்லாமே உள்ளே தடுப்புப் படலம் உள்ள பாரியர் ஹோஸ். அது இல்லாத வெறும் ரப்பர் வழியாக ஆர்134ஏ என்ற ஏசி கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும்.

முதல் ஹோஸை நூல் பிடித்து அளந்து, மேசையில் வைத்தே இரண்டு முனையிலும் ஃபிட்டிங்கைச் செருகி கிரிம்ப் அடித்தேன், அதாவது உலோக வளையத்தை நசுக்கிக் கழலாமல் பிடிக்க வைத்தேன். நீளம் கச்சிதம். ஆனால் 90 டிகிரி முனை வேறு பக்கம் பார்த்தது, ஒரு 30 டிகிரி இருக்கும். இந்த ஹோஸை முறுக்கிச் சரிசெய்ய முடியாது. வலுக்கட்டாயமாகத் திருப்பினால் நட் மரையில் ஏறவே மறுக்கிறது. வெட்டிக் குப்பையில் போட்டேன்.

அப்புறம்தான் புத்தி வந்தது. ஃபிட்டிங்குகளை வண்டியிலேயே கையிறுக்கமாக மாட்டி, ஹோஸைச் செருகி, எஞ்சின் குலுங்கும்போது இழுபடாமலும் சைலன்சர் குழாயைத் தொடாமலும் வளைவு விட்டேன். ஃபிட்டிங்கிலிருந்து ஹோஸ் வரை வெள்ளை மார்க்கரால் ஒரே கோடு. கழற்றி, கோடு விலகாமல் பிடித்து கிரிம்ப் அடித்தேன். அதன் பிறகு ஒரு ஹோஸும் வீணாகவில்லை.

மாட்டும்போது ஓ-ரிங்குக்கு ஏசி எண்ணெய் தடவி, இரண்டு ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். ஒரே ஸ்பேனர் என்றால் அலுமினியக் குழாய் திருகிக்கொள்ளும். டிரையரின் மூடியைக் கடைசியில்தான் திறந்தேன். காற்றின் ஈரத்தை அது அப்படிக் குடிக்கும்.

லீக் பார்க்க வாக்கத்தை, அதாவது பம்ப் வைத்து உள்காற்றை உறிஞ்சுவதை, மட்டும் நம்பவில்லை. வாக்கம் போட்டால் வெளிக்காற்று உள்ளே தள்ளும் அழுத்தம் சுமார் 15 பிஎஸ்ஐ. ஓடும்போது உள்ளிருந்து 200 தள்ளும். ரெகுலேட்டர் வைத்து 150 பிஎஸ்ஐ நைட்ரஜன் ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவினேன். டிரையர் நட்டில் பொடிப்பொடியாக நுரை. கழற்றினால் ஓ-ரிங் ஓரத்தில் நறுக்கியதுபோல் ஒரு வெட்டு, என் அவசரத்தின் கைவேலை. புதியது போட்டு, 45 நிமிடம் வாக்கம் ஓட்டி, அரை மணி நேரம் மூடி வைத்தேன். மீட்டர் முள் அசையவில்லை.

கண்டென்ஸரும் வேறு என்பதால் பழைய ஸ்டிக்கரில் இருந்த கேஸ் எடை உதவவில்லை. இரண்டு அழுத்த மீட்டரையும் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக கேஸ் ஏற்றினேன். சிறிது நேரத்தில் 10ஆம் நம்பர் ஃபிட்டிங் குளிர்ந்து வியர்த்துச் சொட்டியது. அந்த வெள்ளைக் கோடு இன்னும் அதன்மேல் அழியாமல் இருக்கிறது.