வளங்குன்றாச் சுற்றுலா: முன்னாய்வு அத்தியாயத்தை மூன்று முறை எழுதிய அனுபவம்

வளங்குன்றாச் சுற்றுலா பற்றிய என் ஆய்வேட்டில், எனக்கு முன் வந்த ஆய்வுகளை அலசும் முன்னாய்வு அத்தியாயத்தின் முதல் வரைவை நெறியாளரிடம் கொடுத்தபோது நாற்பத்திரண்டு பக்கம் இருந்தது. ஒவ்வொரு பத்தியும் ஓர் ஆய்வாளர் பெயரில் தொடங்கும், ஆண்டைச் சொல்லும், "என்று குறிப்பிடுகிறார்" என்று முடியும். ஐயா பத்துப் பக்கம் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏம்மா, டெலிபோன் டைரக்டரி போட்டுக் கொண்டு வந்திருக்கிறாயே, இதில் யார் யாரோடு பேசுகிறார்கள்?" என்றார். மதுரையில் நாகமலையிலிருந்து பெரியார் நிலையம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது, தோன்றவில்லை.

இந்தத் துறைக்குள் வருகிறவர்களில் பலர் இதே குழியில்தான் விழுகிறார்கள். 1980 பட்லர் (சுற்றுலாத் தலம் வளர்ந்து தேயும் வளைகோடு), 1987 புருண்ட்லாண்ட் (வளங்குன்றா வளர்ச்சி பற்றிய ஐ.நா. ஆணைய அறிக்கை), 1992 ரியோ (ஐ.நா. புவி மாநாடு) என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்க வரும். முன்னவர் எதை விட்டார், பின்னவர் எதைப் பிடித்தார் என்று கேட்டால் விழிப்போம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் இரண்டாம் தாளில் நூறு கேள்விகள். நான் எழுதிய முதல் முறை, காலவரிசைப்படுத்து, பொருத்துக என்று வந்த இடங்களில் எல்லாம் மனப்பாடம் காலை வாரிவிட்டது.

எனக்குக் கையில் கயிறு கொடுத்தவர் சுற்றுலா ஆய்வாளர் ஜாஃபர் ஜாஃபரி. சுற்றுலா பற்றிய எழுத்துகளை அவர் 1990-இல் நான்கு தளங்களாகப் பிரித்தார். சுற்றுலா வந்தால் வேலை வரும், அந்நியச் செலாவணி வரும் என்று கொண்டாடியவர்கள் முதல் தளம். ஊர் கெடுகிறது, பண்பாடு விலைபோகிறது என்று எச்சரித்தவர்கள் அடுத்தது. கெடுக்காத சுற்றுலா எது என்று மாற்று வழி தேடியவர்கள் மூன்றாவது. புகழவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம், முழுதாக ஆராய்வோம் என்றவர்கள் நான்காவது. இந்த நான்கு டப்பாக்களை வைத்துக்கொண்டு என் நாற்பத்திரண்டு பக்கத்தைப் பிரித்துப் போட்டேன். அப்போதுதான் அதில் சண்டை இருப்பதே தெரிந்தது. இரண்டாம் வரைவு அப்படித்தான் பிறந்தது. (வளங்குன்றா, நீடித்த, நிலைத்த என்று தமிழில் மூன்று சொற்கள் புழங்குகின்றன. ஆய்வேடு முழுக்க ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது முதலாவது. எது குன்றக் கூடாது என்பதைச் சொல்லிலேயே வைத்திருக்கிறது.)

இரண்டாவதும் திரும்பி வந்தது. "சரிதான், ஆனால் நம் ஊர் எங்கே?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

கீழக்குயில்குடி சமணர் மலை எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பக்கம்தான். தாமரைக் குளத்தருகே ஆலமரத்தடியில் மாங்காய்க் கீற்று விற்கும் அப்பத்தா ஒருவர் இருந்தார். ஞாயிறு காலை. மலையேற வந்த கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கீற்றில் மிளகாய்ப்பொடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "முன்பெல்லாம் யாராவது வந்தால் பிள்ளைகள் கூடவே மேலே போய்ச் சிலையெல்லாம் காட்டிவிட்டு வரும் தாயி. இப்போது குளத்துக்குள் பாட்டிலைப் போடாமல் போனால் போதுமென்று இருக்கிறது." வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "அவர்கள் வந்தால்தானே எனக்கு வியாபாரம்" என்று சிரித்தார்.

சுற்றுலாப் பயணிகள் பெருகப் பெருக ஊர்க்காரர்களின் மனம் எப்படி மாறும் என்று டாக்ஸி என்ற ஆய்வாளர் 1975-இல் சொன்ன எரிச்சல் அளவுகோல் இதுதான்: முதலில் மகிழ்ச்சி, பிறகு அசட்டை, பிறகு எரிச்சல், கடைசியில் பகைமை. நான்கு சொற்களையும் நான் அதற்கு முன்பே மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் ஒரே ஆள் ஒரே மூச்சில் எரிச்சலும் படுவார், வந்தவர்களை வரவேற்கவும் செய்வார் என்பதை அந்த அளவுகோலில் எங்கே வைப்பது? பின்னால் வந்தவர்கள் டாக்ஸியிடம் போட்ட சண்டையும் இதுதான்: ஊர் என்பது ஒரே மனம் அல்ல. இதை அப்பத்தாவிடம் கேட்ட பிறகு எந்தக் கட்டுரையும் எனக்குக் கடினமாக இல்லை. மூன்றாம் வரைவு அங்கிருந்துதான் தொடங்கியது.

பட்லரின் 1980 கட்டுரையைத் தேடி எடுத்து நேராகப் படியுங்கள். எட்டே பக்கம். எல்லாரும் அந்த வளைகோட்டை வரைகிறார்கள்; எல்லா ஊருக்கும் கோடு ஒரே மாதிரி இருக்காது என்று அவரே அதில் சொல்லியிருப்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. 1987 புருண்ட்லாண்ட் அறிக்கை, 1992 ரியோ மாநாடு, 1993-இல் இந்தத் துறைக்கென்றே தொடங்கிய ஆய்விதழ், வளங்குன்றாச் சுற்றுலாவுக்கான 1995 லான்சரோட்டி சாசனம் ஆகியவற்றை ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: புருண்ட்லாண்ட் அறிக்கையில் சுற்றுலாவைத் தேடினால் ஏமாற்றம்தான். அந்தக் கருத்தைச் சுற்றுலாவுக்குள் இழுத்து வந்தவர்கள் நம் துறைக்காரர்கள். 'இது பெயருக்குத்தானா?' என்ற சண்டையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டியது கார்பன் கணக்கு. 2005-ஆம் ஆண்டுக்கு உலகச் சுற்றுலா அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் போட்ட மதிப்பீட்டில், உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சுற்றுலாவின் பங்கு சுமார் 5 சதவீதம். 2018-இல் லென்சனும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 8 சதவீதம். 5 சதவீதம் 8 ஆக வளர்ந்துவிட்டது என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் போகும். அளந்த வாயுவே வேறு. கணக்கின் எல்லையும் வேறு. முதலாவது பயணம், தங்குமிடம், பொழுதுபோக்கு ஆகியவற்றோடு நின்றது. இரண்டாவது உணவு, கடைவீதி வரை சங்கிலியாகத் தொடர்ந்தது. டவுன்ஹால் ரோட்டில் பயணி சாப்பிடும் இட்லிக்கு அரிசி ஏற்றி வந்த லாரியும் இரண்டாவதில் உண்டு. இரண்டு எண்களைப் பார்த்தால் முதலில் எதை எண்ணினார்கள் என்று பாருங்கள். எனக்கு இதைப் பழகவே ஓராண்டு ஆயிற்று.

வாய்மொழித் தேர்வில் இந்தப் பழக்கம்தான் காப்பாற்றியது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வாகனத்தில் போக இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்ததும், 2025 ஏப்ரலில் கோடைக்கால வாகன வரம்பு வந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. புறத் தேர்வாளர் கேட்டார்: "இந்த நாலாயிரம் எந்தக் காலத்து ஆய்வும்மா?" எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்பது 1964-இல் வேகர் கேட்ட கேள்வி, எவ்வளவு மாற்றத்தை ஏற்கலாம் என்று 1985-இல் ஸ்டேங்கியும் உடன் ஆய்வு செய்தவர்களும் கேள்வியையே திருப்பினார்கள் என்றேன். "ஏற்கலாம் என்று யார் சொல்வது?" என்றார். உள்ளூர் மக்கள் கையில் அதிகாரம் வேண்டும் என்று எழுதிய ஷேவன்ஸ், 1999 என்று தொடங்கினேன். "பெயர் வேண்டாம், ஓர் ஊரைச் சொல்லுங்கள்" என்றார்.

மாங்காய்க் கீற்றிலிருந்து ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு இருபது நிமிடம் பேச்சு சமணர் மலையை விட்டு இறங்கவில்லை.