பழைய நிலைக்கட்டையில் ஒரு சிலுவை

மதுரை மாசி வீதிகளில் பழைய வீடுகளை இடிக்கும்போது கழித்துவிடும் தேக்குச் சன்னல் சட்டங்களையும் நிலைத் துண்டுகளையும் வாங்கி வந்து, சுவரில் மாட்டும் சிலுவைகளும் வசனப் பலகைகளும் செய்து வருகிறேன். வாசலுக்கு என்றால் பெரும்பாலோர் கேட்பது, 'நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்' என்னும் விவிலிய வசனமான யோசுவா 24:15 தான்.

சிலுவைக்கு நெடுக்குக் கட்டை 12 அங்குலம், குறுக்குக் கட்டை 8 அங்குலம் இருந்தால் பார்வைக்குப் பொருந்துகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொன்றிலும் பாதிக் கனத்தை உளியால் எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றை அமர்த்திப் பசையிட்டால் ஆணியே வேண்டியதில்லை. பழைய ஆணி விட்டுப்போன, துருக்கறை படிந்த துளைகளையும் நான் மக்கு வைத்து அடைப்பதில்லை, ஏனெனில் அந்தக் கட்டைக்கு அழகே அதுதான். உப்புத்தாளையும் 120-ஆம் எண் சொரசொரப்புடன் நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் தேய்த்தால் மரத்தின் வயதே காணாமல் போய்விடும் (புதுப் பலகையைச் சுரண்டிப் பழையதுபோல் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை).

சரக்கு அடுக்கும் பலகைகளைப் (பேலட்) பயன்படுத்துவோர், வெப்பமூட்டிப் பதப்படுத்தியதைக் குறிக்கும் 'எச்.டி.' (HT) முத்திரையைப் பார்த்து எடுக்கவும், 'எம்.பி.' (MB) என்றிருந்தால் அது மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் புகையூட்டிய மரம், வீட்டுக்குள் வேண்டாம். கடைசியாக ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள், அது தானாகவே தீப்பற்றக்கூடியது.