நவம்பர் ஒன்றும் ஒரு விண்ணப்பப் படிவமும்

நம் பள்ளியில் நவம்பர் 1 அன்று பாதி நாள்தான் வகுப்பு. குமரி தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நாள். 1956இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய மலையாள மாநிலமான திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் வந்தன. அதேபோல் நாம் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அந்த வருத்தத்தைச் சமூகவியல் சார் வருடம் தவறாமல் புதுப்பிப்பார்.

1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இணைப்புக் கேட்டுத் திரண்டவர்களைப் போலீஸ் சுட்டபோது சார் இளவட்டம். புதுக்கடைக் கூட்டத்தில் நின்றவர். அந்தப் போராட்டத்தின் தலைவர் மார்ஷல் நேசமணியின் பெயரைச் சொல்லும்போது நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். எல்லை என்பதை இவ்வளவு நெஞ்சோடு பிடித்துக்கொண்ட இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை. அதனால்தான் 1991 ஜூனில் அவர் பேசிய பேச்சு இன்னும் மறக்கவில்லை.

ராஜீவ் காந்தி கொல்லப்பட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பள்ளி திறந்தது. இலங்கை அகதி முகாமிலிருந்து வந்து நம்மோடு படித்த பையன்கள் யாரும் சொல்லாமலே கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் தனியாகப் போனார்கள். அந்த வாரத்தில் பெற்றோர் சிலர் வகுப்பு வாசலுக்கே வந்தார்கள்.

"சாரே, முகாம் பிள்ளைகள வேற எங்கயாவது மாத்துங்க. இது நம்ம நாட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம்."

சார் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. "ஓய், நம்ம நாடு நம்ம நாடுன்னு நாங்க எதுக்குக் கேட்டோம்? தாலுகா ஆபீசுல மலையாளத்துல மனு எழுதத் தெரியாம முழிச்சிட்டு நின்னவனுக்காகக் கேட்டோம். அவனுக்கு ஒரு ஆபீஸ் கிடைச்சாச்சு. இந்தப் பயலுக்கு எந்த ஆபீஸ் இருக்கு, சொல்லும்."

வந்தவர்கள் முனகிக்கொண்டே போனார்கள். சார் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார். மறுநாள் கடைசி பெஞ்சை மட்டும் முன்னால் இழுத்துப் போடச் சொன்னார்.

"அவனும் தமிழன்தானே" என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சொல்லியிருந்தால் வந்தவர்களும் பாதி இறங்கியிருப்பார்கள். ஆனால் அந்த நியாயம் தமிழ் பேசாத அகதி வரும் நாளில் உதவாது. சார் கேட்டது வேறு: எல்லையைக் கேட்டு வாங்கியவர்களுக்கு, அதற்கு வெளியே நிற்கிறவன் விஷயத்தில் பொறுப்பு உண்டா, இல்லையா? உண்டு என்பதே என் கட்சி. நம் தூத்தூர், சின்னத்துறை ஆழ்கடல் மீனவர்களுக்கு இதில் சந்தேகமே கிடையாது. நடுக்கடலில் தத்தளிக்கிறவனைத் தூக்கிவிட்டுத்தான் எந்த ஊர் என்று கேட்பார்கள். 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்டமும் இதைத்தான் கப்பல் தலைவர்களின் கடமை என்கிறது. கரைக்கு வந்தபிறகு என்ன என்பதில்தான் சட்டம் குழம்புகிறது. 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை.

மறுபக்கம் "நான் உலகக் குடிமகன்" என்கிற கூட்டமும் உண்டு. இங்கே மஸ்கட்டில் நிறையப் பார்க்கிறேன். பெரும்பாலும் நல்ல பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள். அவர்களோடும் எனக்கு ஒட்டாது. ஊர்க் குளத்துக்கும் ஊர்ப் பள்ளிக்கும் பணம் கொடுக்காதவன் உலகத்துக்குக் கொடுப்பான் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இனி நம் பழைய மாணவர் சங்கத்துக்கு வருகிறேன். நம் உதவித்தொகைப் படிவத்தில், மாணவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு சேர்த்ததல்ல. எங்கோ கிடைத்த படிவத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருப்போம். ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தாலும், தாய் தந்தை இருவரும் அகதிகள் என்றால் பிறப்பால் குடியுரிமை இல்லை. அதாவது, அன்று நம்மோடு படித்தவனின் மகள், குமரியிலேயே பிறந்து நம் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாலும், நம் பணத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. என் மகளும் பிறந்த நாட்டில் குடியுரிமை இல்லாதவள்தான். ஆனால் அவளுக்குத் திரும்பிப் போக ஒரு நாடும் கையில் ஒரு பாஸ்போர்ட்டும் இருக்கின்றன.

"முதலில் நம் பிள்ளைகள்" என்று சங்கத்து அண்ணன் ஒருவர் போனில் சொன்னார். வரிசையில் யார் முதல் என்பதில் எனக்குச் சண்டை இல்லை, அண்ணே. வரிசையில் நிற்கவே கூடாது என்பதில்தான் சண்டை.

அடுத்த பொதுக்குழுவில் அந்த வரியை நீக்கத் தீர்மானம் கொண்டுவருகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். 1992 பத்தாம் வகுப்பு 'பி' பிரிவிலிருந்து யாராவது முன்வந்தால் நல்லது.