லண்டன் மேசை, முல்லைத்தீவுப் படம்

லண்டனில் இருந்து ஊர்ச் செய்தி வெளியிடுபவருக்குச் செய்தி பிழைத்தால் ஒரு திருத்தம் போட்டுத் தப்பலாம். முல்லைத்தீவில் படம் எடுத்துத் தந்தவரின் வீட்டுக்குத்தான் ஆள் வரும். ஊடகவியலாளர் நிமலராஜனை 2000 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் அவருடைய வீட்டிலேயே சுட்டார்கள். ஊடகவியலாளர் சிவராமை 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொன்றார்கள். புலம்பெயர் செய்தியறையின் வேலை முறையை ஊரில் இருப்பவரின் பாதுகாப்பிலிருந்துதான் வகுக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், எடுத்த நேரம், இடம், கைபேசி வகை எல்லாம் அழிந்துவிடும். சரிபார்க்க அவை தேவை. ஆகவே சிக்னல் செயலியில் 'கோப்பு' ஆக அனுப்பச் சொல்லுங்கள். செய்திகள் ஒரு நாளில் தானாக அழியும்படி இரு பக்கமும் வைத்திருங்கள். வந்த கோப்பைத் தொடாமல் பூட்டிய வன்தட்டில் வையுங்கள். வெளியிடுவது எப்போதும் தகவல் நீக்கிய பிரதிதான்.

இவ்வளவும் செய்தும் மாட்டிக்கொள்வது கோணத்தால். அந்தக் காட்சி ஒரேயொரு வீட்டு மாடியிலிருந்துதான் தெரியும் என்றால் படத்தையே விட்டுவிட்டு வரைபடம் போடுங்கள். காணொளியில் முகத்தை மங்கலாக்குவது போதாது, முழுக் கறுப்பால் மூடுங்கள். தலை திரும்பும்போது தானியங்கி மறைப்பு இரண்டு மூன்று சட்டகங்களில் நழுவும்; கடைசியில் ஒருவர் இருந்து சட்டகம் சட்டகமாகப் பார்க்க வேண்டும். குரலைத் தடிப்பாக்கினாலும் பேச்சு நடையை வைத்தே ஊர்ச்சனம் ஆளைப் பிடித்துவிடும். வேறொருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

பழைய காணொளிகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. 1996இல் கொழும்பு அரசு கடிகாரத்தை முன்னே தள்ளியது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலோ பழைய நேரமே ஓடியது. அந்தக் காலத்துச் சாட்சிகள் இருவரின் நேரம் அரை மணி வேறுபட்டால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். எந்தப் பக்கத்துக் கடிகாரம் என்று கேளுங்கள்.

ஊரிலிருந்து செய்தி தருபவருக்குக் காசு அனுப்புவது இன்னும் நுட்பமானது. 1979இன் பயங்கரவாதத் தடைச்சட்டம் இருக்கிறது. 2014இல் 16 அமைப்புகளையும் 424 பேரையும் அரசு தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆகவே வெளிநாட்டுக் காசு விசாரணையில் கொண்டுபோய் விடலாம். தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்புவது பாதுகாப்பு என்று நினைப்பார்கள். என் கணக்கில் அதுதான் ஆபத்து, விசாரணையில் காட்ட ஒரு துண்டும் இராது. பெயர் வெளியே தெரிந்தே எழுதுபவருக்கு நிறுவனப் பெயரில், ஒப்பந்தத்தோடு வங்கி வழியாகக் கொடுங்கள். பெயர் மறைக்க வேண்டியவருக்குக் காசே அனுப்பாதீர்கள்.

செய்தியறைக்கு வருமானம்? மரண அறிவித்தல். இதைக் கீழாக நினைப்பவர்கள் சமூகத்தை அறியாதவர்கள். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், உறவுமுறை வரிசை, பார்வைக்கு வைக்கும் நேரம், தகனச்சாலை முகவரி எல்லாம் வேண்டும். தந்தவர் தவிர இன்னொரு உறவினரையும் அழைத்து உறுதிசெய்யுங்கள். மருமக்களின் பெயரை வேண்டுமென்றே விடுவதும் நடக்கும். ஊரில் இருக்கும் தாய்க்குச் சொல்லியாயிற்றா என்று கேட்காமல் ஏற்றவே கூடாது. பத்து நிமிடத்தில் அயல்வீட்டுப் பெடியன் முகநூலில் பார்த்துவிட்டு வந்து துக்கம் விசாரிப்பான்.