வாக்குக்கடங்காத நாள்கள்

ஆகஸ்ட் 3

பக்கவாதம் வந்த அப்பாவிடம் இப்போது ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: 'நாளைக்கு'. தண்ணீர் வேண்டுமா என்றால் நாளைக்கு. வலிக்கிறதா என்றால் நாளைக்கு. நான் யார் என்று கேட்டேன். என் முகத்தையே நெடுநேரம் பார்த்தார். உதடுகள் கூடின, பிரிந்தன, மறுபடியும் கூடின. நாளைக்கு என்றார். தான் தேடியது அதுவல்ல என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 4

தூங்கவில்லை.

ஆகஸ்ட் 6

அத்தை வந்தார். "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்ற வசனத்தைத்தான் அண்ணன் சொல்ல வருகிறார், ஆவியானவர் பேசுகிறார்" என்றார். மூளையின் இடது பக்கத்தில் இரத்தம் போகாமல் ஒரு பகுதி செத்துவிட்டது அத்தை, அங்கேதான் பேச்சு இருந்தது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "தூதன் சொன்னதை நம்பாமற்போன சகரியாவின் நாவையும் கர்த்தர் கட்டினார் அல்லவா, நம்மை நாமே ஆராய்ந்து பார்க்க வேண்டும்" என்றார்.

யாரை ஆராய்வது? எழுபது வயது தாண்டியும் விடியற்காலையில் எழுந்து, எங்கள் எல்லோருடைய பெயரையும் சொல்லி ஜெபித்த மனிதரையா? அந்தப் பெயர்களில் ஒன்றுகூட இப்போது அவரிடம் இல்லை.

யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புத்தகம் முழுவதிலும் அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 7

ஜெபிக்க வரவில்லை. முழங்காலில் நிற்க முடிகிறது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 9

88ஆம் சங்கீதம். இதை வைத்து ஒருவரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்காவது ஓரிடத்தில் திரும்பிவிடும். 13ஆம் சங்கீதத்துக்கு ஆறே வசனங்கள். 'கர்த்தாவே, எதுவரைக்கும்' என்று தொடங்கி, ஐந்தாவது வசனத்துக்குள் நம்பிக்கைக்கு வந்து, ஆறாவதில் பாட்டே வந்துவிடுகிறது. 88 திரும்புவதில்லை. பதினெட்டு வசனங்களும் குழிக்குள்ளேயே நடக்கின்றன. கடைசியில் சிநேகிதனும் இல்லை, தோழனும் இல்லை, இருள் மட்டும் மிஞ்சுகிறது.

ஆனால் முதல் வசனத்தில் அந்த ஆள் 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே' என்று கூப்பிட்டிருக்கிறான். அதை எங்கேயும் திரும்பப் பெறவில்லை. யாரும் இதற்கு நல்ல முடிவு ஒன்றை ஒட்டவும் இல்லை. அப்படியே ஆராதனைப் புத்தகத்துக்குள் விட்டுவைத்திருக்கிறார்கள். எனக்கு இன்று இது போதும்.

ஆகஸ்ட் 10

வலது கை விரல்களை நானே விரித்துவிட வேண்டியிருக்கிறது. விட்டால் மறுபடியும் மடங்கிக்கொள்கின்றன.

ஆகஸ்ட் 12

இதை எழுதி வைக்காவிட்டால் நாளைக் காலையில் நானே நம்ப மாட்டேன்.

இரவு விளக்கை அணைக்கும் முன், பழக்கத்தால் கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கினேன். அவருக்காக என்று சொல்ல முடியாது, அறையின் அமைதியைத் தாங்க முடியவில்லை. 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' வரை வந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. நின்றுவிட்டேன்.

அப்பா தொடர்ந்தார்.

'உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக.' கரகரத்த குரல், ஆனால் அவருடைய குரல். ராஜ்யம் வந்தது, சித்தம் வந்தது. 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' தெளிவாக வந்தது. 'கடனாளிகளுக்கு' என்ற இடத்தில் நாக்கு புரளவில்லை. வாயின் வலது ஓரத்தில் எச்சில் வழிந்தது, நான் துடைப்பதற்குள் அவர் 'மன்னியும்' என்பதைத் தாண்டிப் போய்விட்டார். ஆமென்வரை வந்தார். ஒரு வரி விடவில்லை.

"அப்பா!" என்றேன்.

"நாளைக்கு" என்றார்.

ஆகஸ்ட் 13

பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. எண்களை வரிசையாகச் சொல்வது, கிழமைகள், பாட்டு, மனப்பாடமான ஜெபம் ஆகியவை பல நோயாளிகளுக்கு அழியாமல் மிஞ்சிவிடுமாம். புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டுவது வேறு, தடம் பதிந்துபோனது தானாக ஓடுவது வேறு. 1861இல் பாரிசில் புரோக்கா என்ற மருத்துவர் 'டான்' என்ற ஒரே அசையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினாராம். பேச்சிழப்பு ஆய்வே அங்கிருந்துதான் வேகம் பிடித்ததாம். தானாக ஓடும் பேச்சையும் யோசித்துப் பேசும் பேச்சையும் பிரித்துச் சொன்னவர் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கில நரம்பியல் மருத்துவர்.

"சந்தோஷப்படுங்கள், ஆனால் ஐயா பேச ஆரம்பித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 14

அப்படியானால் அது ஜெபமா?

காலையிலிருந்து இதே கேள்வி. தடத்தில் தானாக ஓடிய சொற்கள் என்றால், கிழமைகளைச் சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இன்று சோதித்துப் பார்த்தேன். ஞாயிறு என்று நான் எடுத்துக்கொடுத்தால் சனிவரை போய்விடுகிறார். ஆனால் கிழமைகளைச் சொல்லும்போது அவர் கண்கள் என்மேல் இருந்தன. ஜெபத்தின்போது மூடியிருந்தன. இதையும் பழக்கம் என்று சொல்லிவிடலாம். சொல்லட்டும்.

நான் எங்கே வந்து முட்டுகிறேன் என்றால், சொந்தச் சொற்களில் ஜெபித்தால்தான் ஜெபம் என்று எனக்குக் கற்றுத்தந்திருந்தார்கள். மனப்பாடம் என்றால் உதட்டளவு என்பார்கள். யோனா மீனின் வயிற்றிலிருந்து என்ன சொன்னான்? இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லா வரியும் சங்கீதங்களில் காது பழகிய வரிதான். சிலுவையிலும் அப்படியே. ஆறாம் மணிமுதல் ஒன்பதாம் மணிவரை தேசமெங்கும் இருள். அந்த இருட்டின் முடிவில் இயேசு கூப்பிட்ட 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. 'உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்' 31ஆம் சங்கீதத்திலிருந்து. தேவகுமாரனே சிறுவயதில் கற்ற வரிகளைத்தான் அந்த நேரத்தில் பிடித்திருந்தார். அதை உதட்டளவு என்று சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்?

ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபரும் நினைவுக்கு வந்தார். 1943 ஏப்ரலில் கைதாகி டேகல் சிறையில் இருந்தபோது, பவுல் கெர்ஹார்ட் எழுதிய பழைய ஞானப்பாட்டுகளைத்தான் பற்றிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய இறையியல் படித்தவர். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு உடனிருந்த கைதிகளுக்காகச் சில ஜெபங்களை எழுதிக் கொடுத்தார், அவர்களுக்குச் சொல்லச் சொற்கள் வேண்டும் என்று.

எனக்கும் சொற்கள் இல்லை. பக்கவாதம் அவருக்கு வந்தது, ஊமையானது நான்.

ஆகஸ்ட் 15

எனவே இன்று காலையில் சொந்தமாக ஒன்றையும் தேடவில்லை. 130ஆம் சங்கீதம், எட்டு வசனங்கள். விடியற்காலத்துக்குக் காத்திருக்கும் ஜாமக்காரர் வரும் இடத்தில் அப்பாவின் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. தற்செயலாகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 19

மூச்சில் சளி. மருத்துவர் இரண்டு முறை வந்து பார்த்தார். 88.

ஆகஸ்ட் 20

88.

ஆகஸ்ட் 23

காய்ச்சல் இறங்கியது. ஸ்தோத்திரம் என்று சொல்லவும் தெம்பில்லை.

ஆகஸ்ட் 26

போதகர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், ஏசாயா 50:10ஐ வாசித்தார், போய்விட்டார். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. புண்ணியவான்.

அந்த வசனத்தை இத்தனை நாளும் எப்படிக் கவனிக்காமல் விட்டேனோ. கர்த்தருக்குப் பயந்து நடக்கிறவன்தான் அதில் வெளிச்சமில்லாமல் இருட்டில் நடக்கிறான். அவனைத் துரோகி என்றோ விசுவாசமில்லாதவன் என்றோ சொல்லவில்லை. பாவத்தைத் தேடிக் கண்டுபிடி என்றும் சொல்லவில்லை. தேவனைச் சார்ந்துகொள் என்று மட்டும்தான் இருக்கிறது. அடுத்த வசனம்தான் கடுமையானது: தாங்களே நெருப்பை மூட்டி அந்த வெளிச்சத்தில் நடக்கிறவர்கள் வேதனையில் கிடப்பார்கள். இந்த அறைக்குள் எத்தனை பேர் தீக்குச்சியோடு வந்து போனார்கள்! எல்லாம் நன்மைக்கே என்று ஒருவர், இது சோதனைக்காலம் என்று ஒருவர், இந்த எண்ணெயைப் பூசு என்று ஒருவர். நானும் ஒன்றிரண்டைக் கொளுத்திப் பார்த்தவள்தான். இப்போது வேண்டாம் என்று இருக்கிறது. சார்ந்துகொள்வதற்கு வெளிச்சம் தேவையில்லை, அருகே ஆள் இருந்தால் போதும்.

ஆகஸ்ட் 27

நேற்று எழுதியதைப் படித்தேன். பெரிய பேச்சு. இன்று படுக்கைவிரிப்பை மூன்று முறை மாற்றினேன், தனியாகப் போய் அழுதேன்.

ஆகஸ்ட் 30

ரோமர் 8:26இன்படி, நாம் என்ன வேண்டிக்கொள்வது என்று அறியாமல் இருக்கும்போது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார். அப்பா ஒரு சொல்லைத் தேடித் தோற்றபின் மூக்கால் ஒரு மூச்சு விடுவார், நீளமாக. அதை எண்ணக்கூட ஆரம்பித்திருந்தேன். அத்தை சொன்ன ஆவியானவரையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள விருப்பமில்லை. ஆனால் அந்த மூச்சு வரும்போது இப்போது எனக்குப் பயமில்லை.

செப்டம்பர் 2

சகரியா. அத்தை பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார். லூக்கா முதல் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில், எழுத்துப்பலகை கேட்டு, பிறந்த பிள்ளையின் பெயர் 'யோவான்' என்று எழுதியதும் நாவு கட்டவிழ்கிறது. அத்தனை மாத மௌனத்துக்குப் பிறகு அந்தக் கிழவரின் வாயிலிருந்து வந்த பாட்டு, அந்தகாரத்திலும் மரண இருளிலும் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வெளிச்சம் தருவதில் போய் முடிகிறது. பேச முடியாமல் இருந்தவருக்குத்தான் அது தெரிந்திருக்கிறது. தொலைபேசியில் அத்தைக்கு வாசித்துக்காட்டினேன். சற்று நேரம் பேசவில்லை, பிறகு "மருந்து கொடுத்தாயா பிள்ளை?" என்றார்.

செப்டம்பர் 5

தம்பிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அடுத்த வாரமாம்.

செப்டம்பர் 8

தினமும் இரவில் நான் முதல் வரி, அவர் மீதி. சில நாள் பாதியில் உறங்கிவிடுகிறார், நான் முடித்துவைக்கிறேன்.

செப்டம்பர் 11

இன்று பயிற்சி கடுமையாக இருந்தது. படம் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லி அரைமணி நேரம். ஒன்றும் வரவில்லை. மாலை முழுவதும் முகம் சிவந்திருந்தது. இரவு வழக்கம்போல் விளக்கருகே போய், "ஜெபிக்கலாமா அப்பா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார்.

கேட்டது சரிதானா என்று மறுபடியும் கேட்டேன். எரிச்சலோடு, இன்னும் உரக்க: "வேண்டாம்!"

தம்பிக்கு உடனே தொலைபேசினேன். நம்பவில்லை. அப்பா தூங்குகிறார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பயிற்சி தரும் பெண்ணிடம் காலையில் முதல் வேலையாகச் சொல்ல வேண்டும்.